நோர்லிக் பெட்டியின் நீலச் சுடர்

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல்களில் ஹட்டன் பஜாரின் எதிர்ப்பக்கம் காணாமல் போய்விடும். மூடுபனி முதலில் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு பஸ் நிலையத்தை. கடைசியில் எங்கள் கடை வாசலில் போகிற குடைகளை. அந்த நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மூன்று வெள்ளைக் குளிர்ப்பெட்டிகளையும் பார்த்தால், வடக்குக் கடலிலிருந்து வழிதவறி மிதந்து வந்து எங்கள் கடையில் கரைதட்டிய பனிப்பாறைகள் என்றே எனக்குத் தோன்றும்.

அவற்றை அங்கே கரைசேர்த்தவன் நான்தான். மஃறூப் மாமா அதுவரை அரிக்கன் லாம்பும் பீங்கானும் குடையும் விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். ஐம்பத்தேழாம் வருஷ ஆரம்பத்தில், கொழும்புக் கம்பெனி ஒன்றின் படப்புத்தகத்தைக் காட்டி அவரைக் கரைத்தேன். வாசிகசாலையில் நான் எடுத்துப் படித்த மொழிபெயர்ப்புக் கதைகளில் எல்லாம் பனி பெய்துகொண்டே இருந்தது. ஆட்கள் உறைந்த ஆற்றின் மேல் வண்டி ஓட்டினார்கள். வாசலில் காலணியை உதறிவிட்டு உள்ளே வந்து, மீசையில் பனி உருக உருகக் காதலைச் சொன்னார்கள். எங்கள் ஊரில் குளிர் இருந்தது. உறைந்த தண்ணீர் இல்லை. இருபத்திரண்டு வயதுவரை நான் தண்ணீர் உறைந்து பார்த்ததில்லை.

கடைக்குப் பெட்டிகள் வந்த மறுநாள், தட்டில் உறைந்திருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளங்கை சுட்டது. குளிர் சுடும் என்று எந்தக் கதையிலும் எழுதியிருக்கவில்லை.

"மகன், அத வெச்சிட்டு ஆளுக்கு வெல சொல்லு" என்றார் மாமா.

ஆள் என்று யாரும் வரவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடை பாவா நானாதான் தினமும் வந்தார், சிரிக்க.

"பைஸர், இந்தப் பெட்டி என்னத்த செய்யும்?"

"உள்ளுக்கு வெச்சத குளிரா வெச்சிருக்கும், நானா."

"அத எங்கட வீட்டுக் கூரையே செய்யுதே. வாங்குறவனுக்கு ஒரு கம்பளியும் சும்மா குடுப்பீங்களா?"

நான் சிரிக்கவில்லை. ஒரு கொப்பியில் கோடு போட்டு, எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி என்று எழுதி வைத்திருந்தேன். பங்களாவுக்கு 'போல்டார்டன்': மனிதன் நிற்கிற உயரம், கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், இறைச்சிக்குத் தனி அறை. விலையைக் கேட்டால் கார் வைத்திருப்பவருக்கும் கண் இருட்டும். பஜாரில் மாடிவீடு வைத்திருப்பவர்களுக்கு 'கிளேஸ்டன்': இடுப்புயரம், சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் கரண்டுக் காசை அதிகம் தின்னாது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். மூன்றாவது 'நோர்லிக்', சுவீடன் நாட்டுப் பெட்டி. ஒரு பெரிய ட்ரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குக் கரண்டு வேண்டாம். அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, திரி, சிறு கண்ணாடிக் கூண்டு. திரியில் நீலச் சுடர் எரிந்தால் மேலே தண்ணீர் உறையும்.

இதை நான் எத்தனை முறை விளக்கினாலும் யாரும் நம்பவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை. அதனாலேயே மூன்றில் அதைத்தான் அதிகம் நேசித்தேன்.

ஜூன் முடிவில் மாமா கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஜூலை முடியிறதுக்குள்ள மூணுல ஒண்டாவது போகணும். போகாட்டி மூணையும் ரயில்ல ஏத்துவேன். கூட உன்னையும் ஏத்துவேன். கொழும்பு புறக்கோட்டையில பெரிய மாமாட புடவக்கடையில கவுணித் துணி மொழம் போட ஆள் தேடுறாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்தக் கண்ணாடியும் மூடுபனியும் நீலச் சுடரும் போய், புழுக்கத்தில் முழக்கோலோடு நிற்கும் என்னை நான் பார்த்தேன்.

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், பெயர் இராமையா. உள்ளே வந்தால் தரை ஈரமாகிவிடும் என்று வெளியிலேயே நின்று கேட்டார்.

"தம்பி, இதுல ஆகக் கொறஞ்சது எது?"

நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அவர் பெட்டிகளைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரிக்குச் சீனி வியாதிங்க. தெனம் காலைல ஊசி. மருந்துக்கார ஐயா எனக்கே போடப் பழக்கிக் குடுத்துட்டாரு. மருந்துப் போத்தல இதுநாள் வரைக்கும் பங்களா ஐஸ்பெட்டியில வெச்சிருந்தோம். சமைக்கிற கோக்கி நம்ம ஆளு, விடிய முன்னுக்கு எடுத்துக் குடுப்பாரு. இப்பப் புதுத் தொர வந்திருக்காரு. தொரசாணியம்மா பட்டர் பக்கத்துல மருந்து இருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"உங்க காம்பராவில கரண்டு இரிக்கா, அண்ணே?"

"லயத்துலயா?" அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பேக்டரி ஓடுனா பங்களாவுக்கும் ஸ்டாப்புமாருக்கும் வரும். நமக்கு நெலாதான்."

நான் கொப்பியை எடுக்கவே இல்லை. நேராக நோர்லிக்கின் முன்னால் கூட்டிப்போனேன். சுடரைக் காட்டினேன். கதவைத் திறந்து பனித் துண்டைக் காட்டினேன். அவர் குனிந்து கீழே நெருப்பையும் மேலே பனியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நெருப்புக்கு மேல எப்புடித் தம்பி?"

"எனக்கும் சரியாத் தெரியாது அண்ணே. ஆனா உறையுது."

விலை சொன்னபோது அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு, கறவை மாடும் கன்றும் இருக்கிறது, நோர்வூட்டுக்காரர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். மாமா மேசையிலிருந்து எழுந்து வந்தார். இந்த ஞாயிறு பெட்டியை அனுப்புவோம், ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும், அதற்கடுத்த ஞாயிறு பிடித்திருந்தால் காசு தரட்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்றார். இராமையா போன பிறகு என் தோளில் தட்டினார்.

"பைஸர், புடவக்கடை இப்ப வேற ஆளத் தேடணும் போல."

ஞாயிற்றுக்கிழமை லொறி தோட்டத்து ரோட்டில் நின்றுவிட்டது. அங்கிருந்து நான்கு பேர் மூங்கில் கட்டி, சாமி தூக்குவதுபோல நோர்லிக்கைத் தூக்கினார்கள். தேயிலை நிரைகளுக்கு நடுவே அந்த வெள்ளைப் பெட்டி மேலே மேலே போவதை நான் பின்னால் நடந்தபடி பார்த்தேன். மழை நின்றிருந்தது. குத்துச்செடிகள்மேல் ஆவி எழுந்தது. அந்த மலையின் உச்சியில் உறைந்த ஆறு ஒன்று இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நம்பியிருப்பேன்.

லயம் முழுதும் இஸ்தோப்பில், முன் திண்ணையில், கூடியிருந்தது. பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் காம்பராக்கள், ஒரே தகரக் கூரை. இராமையாவின் மனைவி மீனம்மா மெலிந்து, பெரிய கண்களோடு, கதவில் சாய்ந்து நின்றாள்.

"இதுக்கு நான் பயந்துக்கிட்டு இருக்கணுமா, தம்பி?" என்றாள். "இல்ல, இது எனக்குப் பயந்துக்கிட்டு இருக்குமா?"

"சுடரை மட்டும் யாரும் தொடப்படாது, அக்கா. எட்டியும் பார்க்காதீங்க, மூச்சுக்காத்துப் பட்டாலும் ஆடும். ஒரு கிழமைக்கு எண்ணெய் ஊத்திட்டேன். அது அதுபாட்டுக்கு எரியும்."

பக்கத்துக் காம்பரா வேலாயி, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கால் சரியில்லாததால் அவள் கொழுந்து பறிக்கப் போவதில்லை. லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

"ராப்பகலா எரியுமா?"

"ராப்பகலா."

"அடி ஆத்தி" என்றாள். தகரக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள்.

திரியைக் குறைவாக வைக்கலாம் என்று படப்புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் அந்த மலையில், அந்தக் கூட்டத்தின் நடுவில், நான் பனியைப் பார்க்க ஆசைப்பட்டேன். திரியை முழுதாக ஏற்றினேன். தட்டில், மூங்கில் பீலியில் வழியும் ஊற்றுத் தண்ணீரை நிரப்பி மேல் அடுக்கில் வைத்தேன். மருந்துப் போத்தலை, அதன் அட்டைப்பெட்டியோடு, தட்டுக்கு நேர்க் கீழே ஒட்டி வைத்தேன். குளிர் அதிகம் உள்ள இடம் அதுதான். மருந்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

அடுத்த நாலு நாளும் கடையில் நான் நடமாடினேனே தவிர அங்கே இருக்கவில்லை. அந்தப் பத்துக் காம்பரா லயத்தில் ஒரு சதுரப் பனி உறைந்துகொண்டிருந்தது. கொழுந்து பறித்துக் கைவிறைத்து வருகிறவர்கள் அதைத் தொட்டு, சுடுகிறது என்று கையை இழுப்பார்கள். மீனம்மா சிரிப்பாள். பாவா நானா என்ன கேட்டாலும் எனக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல், ஞாயிறு வருமுன்பே டிக்கோயா பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெட்டியோடு வந்த பாரன்ஹீட் வெப்பமானியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பகல் சாப்பாட்டு நேரம். இராமையாவும் மீனம்மாவும் வீட்டில் இருந்தார்கள்.

"எப்புடி அக்கா, மருந்து?"

"காலைல காலைல எடுக்கிறோம், போடுறோம், உள்ள வைக்கிறோம். விடியக்காலம் போத்தல் சில்லுன்னுதான் இருக்கு. ஒடம்பும் நல்லாத்தான் இருக்கு."

கதவைத் திறந்தேன். உள்ளிருந்து குளிர் வரவில்லை. புதுச் சாயத்தின் வாசம்தான் வந்தது. தட்டை இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஊற்றிய தண்ணீர் அப்படியே, தண்ணீராக, ஆடியது.

மண்டியிட்டு அடியில் பார்த்தேன். திரி கறுத்துக் கிடந்தது. தொட்டி கிட்டத்தட்ட நிரம்பியே இருந்தது.

"யாரும் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லங்க" என்றார் இராமையா. "எட்டிப் பாக்கக் கூடாதுன்னீங்க, நாங்க அந்தப் பக்கமே திரும்பல. வெளிச்சம் காணலன்னாலும் உள்ளுக்குள்ள எரியுதுன்னு நெனச்சோம்."

இஸ்தோப்பில் ஒரு கனைப்புக் கேட்டது. வேலாயி ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான்."

"ஒன்னய யாரு தொடச் சொன்னா?" மீனம்மா பாய்ந்தாள்.

"யாரு சொல்லணும்? திங்கக்கெழம விடியக்காலம் ரெண்டு பேரும் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிட்டீங்க. கதவு இடுக்குல நீலமா வெளிச்சம் அடிக்குது. ஆளில்லாத காம்பராவுல நெருப்பு. பத்து வீட்டுக்கும் ஒரே கூர. பிள்ளைங்க எல்லாம் எங்கிட்ட. கொண்டியத் தூக்கிட்டு உள்ள போனேன், கீழ கைய விட்டேன், திரிய எறக்கிட்டேன். நீ என்ன, போன வருஷம் நான் ஆத்துக்குப் போனப்ப எங்க அடுப்ப அணைச்சது யாரு?"

அணைத்தது மீனம்மாதான்.

இராமையா எனக்கு விளக்கினார். அது லயத்து வழக்கம். ஆளில்லாத வீட்டில் நெருப்பைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் உள்ளே போய் அணைக்கலாம், கேட்க வேண்டியதில்லை. அணைத்ததைப் பிறகு சொல்லிக்காட்டவும் கூடாது. இன்றைக்கு அவர் வீடு, நாளைக்கு நம் வீடு. அதனால்தான் வேலாயி நாலு நாளாக வாய் திறக்கவில்லை.

"தம்பி ராப்பகலா எரியும்னாரு, கேட்டியே" என்றாள் மீனம்மா, இப்போது பாதிக் குரலில்.

"எரியும்னாரு. ஆளில்லாமலும் எரியணும்னு சொல்லலயே."

நான் மருந்தைப் பற்றித்தான் நினைத்தேன். நாலு நாள். போத்தலின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில். அந்த லயத்தில் அதைப் பிரிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் தோன்றவில்லை. இஸ்தோப்பு வெளிச்சத்தில் வாசித்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த வரி தடித்த எழுத்தில் இருந்தது: உறைய விடக் கூடாது. உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது.

அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். முழுத்திரி. பனித் தட்டுக்கு நேர்க் கீழே. திங்கட்கிழமை காலையில் வேலாயி கொண்டியைத் தூக்கியிருக்காவிட்டால், அன்று சாயந்தரத்துக்குள் நான் ஆசைப்பட்ட பனி வந்திருக்கும். அது போத்தலுக்குள்ளும் வந்திருக்கும். மறுநாள் காலையில் இராமையா அதைக் கையில் வைத்து உருக்கி, மனைவியின் கையில் ஏற்றியிருப்பார்.

குளிர் உள்ளங்கையைச் சுட்ட நாள் ஞாபகம் வந்தது.

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார் இராமையா.

இந்த இடத்தில் ஒரு பொய் மிகச் சுலபமாக இருந்தது. திரியைப் பாதியாக வைத்து, போத்தலைக் கீழடுக்கில் வைத்து, வேலாயிக்கு நாலு வார்த்தை விளங்கச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை காசு வரும். ஒன்று போனால் மற்ற இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும், நானும் நிற்பேன். பொய்கூட இல்லை அது.

ஆனால் வெப்பமானி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து, அணைந்து கிடந்த பெட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்தேன். அறுபத்திரண்டு. காம்பராவின் மூலைச் சுவரோரம், அடுப்புக்கு எட்டத்தில், தரையில் வைத்தேன். அறுபத்திரண்டு. வெளியே பீலிக்குப் போய், மூங்கில் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் பிடித்தேன். ஐம்பத்தாறு.

"குளிரா வெக்கணும், ஆனா உறைய விடப்படாதுண்டு எழுதியிருக்கு, அண்ணே. நாலு நாளா அந்த மருந்து உங்க காம்பராட குளிர்லதான் இருந்திருக்கு" என்றேன். "மருந்துக்கார ஐயாக்கிட்ட ஒருக்காக் கேப்பம், வாங்க."

தோட்டத்து மருந்தகத்தில் அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஐஸ்பெட்டி வாங்கச் சொன்னேனா, நானு? பங்களாவுல ஒண்ணு இருந்துச்சு, அதுல வைன்னேன். எழுபத்தஞ்சு டிகிரிக்குக் கீழ, வெயில் படாம இருந்தா எடுக்கிற போத்தல் ஒரு மாசத்துக்குத் தாங்கும். இந்த ஊருல அதுக்கு ஒரு பெட்டியா? மாட்டையா விக்கப் போன, இராமையா?"

இராமையா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்று நினைக்கிறேன். "அப்ப உங்க ஏவாரம், தம்பி?" என்றார்.

அன்று மீனம்மா ஒரு சிறு மண்சட்டியைத் தேடி எடுத்துக் கழுவினாள். மூலைச் சுவரோரம், பிள்ளைகள் கை எட்டாத பலகையில் வைத்து, உள்ளே போத்தலை நிறுத்தினாள். பக்கத்தில் வெப்பமானியைச் சாய்த்து வைத்தேன். எழுபத்தைந்தின் பக்கத்தில், நெற்றிக்கு வைக்கும் சாந்தைத் தொட்டு அவளே கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"மாசி பங்குனியில பாதரசம் இந்தப் பொட்டுக்கு ஏறினா போத்தல நல்லா மூடி பீலித் தண்ணியில வைங்க" என்றேன்.

"அதுக்கும் பொட்டு, எனக்கும் பொட்டு" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, பெட்டி ஞாயித்துக்கெழமதானே போகுது? அந்த ஐசு எப்புடி இருக்கும்னு பாக்காமலே அனுப்பணுமா?"

வேலாயிதான் முடிவு சொன்னாள். "நாளன்னிக்குச் சனிக்கெழம. பத்த வைங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். ஆளிருந்தா நெருப்பு இருக்கலாம்."

சனிக்கிழமை விடிய இராமையா திரியைப் பற்றவைத்துவிட்டுப் போக, பகல் முழுதும் அவள் அந்த நீலச் சுடரின் எதிரே, பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஏதோ பிரசவ வீட்டில் காவல் இருப்பவள்போல உட்கார்ந்திருந்தாளாம். சாப்பாடும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது தட்டு வெளுத்திருந்தது. சுத்தியலால் தட்டி உடைத்தேன். பத்துக் காம்பராவுக்கும் ஆளுக்கொரு துண்டு. ஒருவர் வாயில் போட்டுக் கண்ணீர் விட்டார். ஒரு பிள்ளை அதைக் கையில் பொத்தி வைத்து, திறந்தபோது காணாமல் அழுதது. மீனம்மா தன் துண்டை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூக்கோரமாக நீர் வழிந்து சாந்தைக் கரைத்தது.

"சுடுதுடி" என்றாள் வேலாயி, கையை உதறிக்கொண்டு. "நெருப்புலருந்து வந்தது நெருப்பு மாதிரியே சுடுது."

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாங்க வந்த மனிசன, வாங்க வேணாண்டு நீயே அனுப்பியிருக்க."

"ஓம், மாமா."

"வெப்பமானி எங்க?"

"அங்க வெச்சிட்டு வந்துட்டேன்."

"நல்லம்" என்றார். கண்ணாடி வழியாக மூடுபனியைப் பார்த்தார். "பெட்டியும் கொழும்புக்குத்தான் சரி. நீயும் கொஞ்ச நாளைக்குக் கொழும்புக்குத்தான் சரி. அங்க சூடு இரிக்கி, ரெண்டுக்கும் வேல வரும்." சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர். ஆனால் அன்று மாலை தன் கம்பளி மேலங்கியை என் துணிப்பெட்டியில் அவரே மடித்து வைத்தார், கொழும்பில் அதற்கு வேலையில்லை என்று தெரிந்தும்.

ஜூலை முப்பத்தோராம் திகதி, ரயிலின் சாமான் பெட்டியில் போல்டார்டனும் கிளேஸ்டனும் நோர்லிக்கும் ஏறின. நான் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். பாவா நானா ஒரு பொட்டலம் பணிஸ் ரொட்டி கொடுத்து, "கம்பளி குடுக்காததாலதான் விக்கல" என்றார். வண்டி அசையும்போது இராமையா மேடையில் ஓடி வந்தார். ஈரத்துணி சுற்றிய ஒரு போத்தலை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தார்.

"காலைல கறந்த பாலு, தம்பி. பீலியில வெச்சிருந்தேன்."

வண்டி மூடுபனிக்குள் இறங்கியது. வட்டவளை நிலையத்தில் போத்தலைத் தொட்டுப் பார்த்தேன்; குளிர்ந்திருந்தது. கலபொடையிலும் குளிர்ந்திருந்தது. தேயிலை முடிந்து மரங்கள் உயர உயரக் காற்று வெதுவெதுப்பாகியது. எதிரே இருந்தவர் மேல்பொத்தானைக் கழற்றினார். நாவலப்பிட்டி வந்தபோது துணி பாதி உலர்ந்திருந்தது. அதற்கு மேல் தாங்காது என்று தெரிந்து, போத்தலைத் திறந்து குடித்தேன். அடியில் கடைசி ஒரு மடக்கு மட்டும் அந்த மலையின் குளிரோடு இருந்தது.